துப்பாக்கி தேடிய மந்திரி
வி.கே. கிருஷ்ண மேனன் வாழ்க்கை - ஒரு பார்வை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலர் என்றாலே நாலு காதல் கவிதை, ரெண்டு பக்கம் கடி ஜோக்ஸ், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு கிண்டல், கடைசியில் பிரிவுக் கண்ணீர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் சேராத ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பொறுத்தருள்க! இது ஒரு மந்திரியின் கதை. கூடவே ஒரு துப்பாக்கியின் கதை.

கையில் காசு கொஞ்சம். ஆனால் நம்பி எடுத்துப் போகக்கூடிய துப்பாக்கி வேண்டும். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுவும் ஒன்று, ரெண்டு இல்லை, ஒரு ராணுவத்துக்கே வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது? வெளியில் வாங்குவதா, நாமே செய்வதா? 1950-களில் நம் நாட்டின் முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது. அதற்கு விடை தேடிய காலத்தில் பாதுகாப்பு மந்திரி நாற்காலியில் இருந்தவர்தான் கிருஷ்ண மேனன்.

பொது அறிவுப் புத்தகத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. ஐ.நா. சபையில் எட்டு மணி நேரம் பேசியவர் என்று இருக்கும். பெரியவர்களைக் கேட்டால் இன்னொரு வரி சொல்வார்கள்: சீனாக்காரனிடம் நம்மைத் தோற்க வைத்தவர் என்று. இந்த ரெண்டு வரிக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. டிப்ளமோ படிக்கும் நமக்கு அதில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மலபார் பிள்ளை, மெட்ராஸ் மாணவர்

வெங்காலில் கிருஷ்ணன் கிருஷ்ண மேனன் 1896 மே 3-ஆம் தேதி மலபாரில் பிறந்தார். அன்றைக்கு மலபார் சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. அப்பா பேர்பெற்ற வக்கீல். வீட்டில் பணத்துக்குப் பஞ்சம் இல்லை. கோழிக்கோட்டில் படித்துவிட்டு, மெட்ராஸுக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். பையன் வக்கீல் ஆவான், அப்பா பெயரைக் காப்பாற்றுவான் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் மனசு அடையாறு பக்கம் போய்விட்டது. அங்கே அன்னி பெசன்ட் அம்மையார் இருந்தார். சுயாட்சி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மேனன் அதில் முழுசாக இறங்கிவிட்டார்.

1924-இல் பெசன்ட் அம்மையார் துணையோடு இங்கிலாந்து போனார். கொஞ்ச நாளில் திரும்புவதாகப் போனவர், அங்கேயே கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கிவிட்டார். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ஹரால்டு லாஸ்கி என்ற பேராசிரியரிடம் படித்தார். 1934-இல் பாரிஸ்டரும் ஆனார். ஆனால் வருமானம் பெரிசாக ஒன்றும் இல்லை. இந்தியா லீக் என்ற அமைப்பை நடத்தி, இந்திய விடுதலைக்காக வெள்ளைக்காரன் ஊரிலேயே மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாடு என்பது பெரும்பாலும் டீயும் பன்னும்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்போது பிடித்த டீப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

இங்கே ஒரு சமாச்சாரத்தைக் கவனிக்க வேண்டும். 1937-இல் பெலிக்கன் என்ற பெயரில் ஆலன் லேன் என்பவர் ஒரு புத்தக வரிசையை ஆரம்பித்தார். விஞ்ஞானம், வரலாறு, பொருளாதாரம் எல்லாவற்றையும் சாதாரண ஜனங்கள் படிக்க வேண்டும். விலை வெறும் ஆறு பென்னி! அந்த வரிசையின் தொடக்ககால ஆசிரியர்களில் ஒருவர் நம் மேனன். விலையைக் குறைத்தாலும் சரக்கு தரமாக இருக்க முடியும் என்பதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார். செயின்ட் பாங்க்ராஸ் என்ற லண்டன் பகுதியில் 1934-இலிருந்து 1947 வரை கவுன்சிலராக இருந்தார். அங்கேயும் நூலகங்களுக்காகப் பாடுபட்டார். 1955-இல் அந்தப் பகுதி மக்கள் தங்கள் ஊரின் மிக உயர்ந்த கௌரவத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

ஜீப் கொடுத்த அடி

சுதந்திரம் வந்தது. மேனன் லண்டனில் இந்தியாவின் ஹை கமிஷனர் ஆனார். 1948-இல் காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராணுவத்துக்கு ஜீப் அவசரமாகத் தேவை.  மேனன் வழக்கமான நடைமுறைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சுமார் 80 லட்ச ரூபாய்க்கு, பழைய ஜீப்புகளைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போய்விட்டது. இந்தியா வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். அவையும் ஓட லாயக்கில்லாதவை. பார்லிமெண்டில் புயல் அடித்தது. 1955-இல் அரசாங்கம் அந்த விவகாரத்தை மூடியது. ஆனால் ஜீப் ஊழல் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

பணத்தை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எளிமையாக வாழ்ந்த மனிதர். ஆனால் அவசரத்தில், சோதித்துப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். நம் ஊரில் பட்டு எடுக்க வரும் வெளியூர்க்காரர்களைப் பார்க்கிறோம் இல்லையா? ஜரிகை மின்னுகிறது, விலையும் குறைவு என்று வாங்கிக்கொண்டு போவார்கள். ரெண்டு வருஷத்தில் ஜரிகை கறுத்துவிடும். பெரிய காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், மின்னுவதைப் பார்க்காதீங்க, உரசிப் பாருங்க என்று.

த்ரீ நாட் த்ரீ

இடையில் மேனன் ஐ.நா.வில் இந்தியாவின் குரலாக இருந்தார். 1957 ஜனவரியில் காஷ்மீர் பற்றி ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசி, மயங்கி விழுந்து, நாடு முழுக்கப் பேசப்பட்டார். அதே வருஷம் பம்பாயில் தேர்தலில் ஜெயித்தார். ஏப்ரலில் நேரு அவரைப் பாதுகாப்பு மந்திரி ஆக்கினார்.

வந்து பார்த்தால், நம் ஜவான் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ. லீ என்ஃபீல்டு என்ற இந்த ரைபிளின் பரம்பரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பிக்கிறது. கல்கத்தா பக்கத்தில் இஷாப்பூரில் 1904-இல் ஏற்பட்ட ரைபிள் தொழிற்சாலை இதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான ரைபிள். மண்ணில் போட்டாலும், மழையில் நனைத்தாலும் சுடும். ரெண்டு உலக யுத்தங்கள் பார்த்தது. மேகசினில் பத்துத் தோட்டா. பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிஷத்துக்குப் பதினைந்து முறை குறி பார்த்துச் சுடுவான்.

ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி இறக்க வேண்டும். நாலு அசைவு. அந்த நேரத்தில் கண் குறியை விட்டு நகர்கிறது, கை விசையை விட்டு நகர்கிறது. எதிரே வருகிறவன் கையில் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இருந்தால் கணக்கே மாறிவிடும். அமெரிக்கா இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னாலேயே அப்படிப்பட்ட ரைபிளுக்கு மாறிவிட்டது. சீனாவும் 1956 வாக்கில் ரஷ்ய மாடலில் ஒன்றைச் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்துவிட்டது. நம் ராணுவமும் 1950-களின் நடுவிலிருந்தே புது ரைபிளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடையில் நிறைய ரகம் இருந்தது. அதில் உலகத்தின் கண் பட்டது ஒன்றின் மேல். பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரில் எப்.என். என்று ஒரு பழைய கம்பெனி. அங்கே தியூடோனே சேவ் என்ற வடிவமைப்பாளர் தலைமையில் உருவானது எப்.ஏ.எல். ரைபிள். பிரிட்டன் 1954-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவும் ஏற்றுக்கொண்டது. பின்னால் தொண்ணூறு நாடுகள் வரை போனது அது.

நம்ம பிரிவு நண்பர்களுக்காக அதன் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டா வெடித்ததும் ஈயக் குண்டு குழலுக்குள் முன்னால் ஓடுகிறது. பின்னால் அதைத் தள்ளிக்கொண்டு வரும் வாயுவில் ஒரு சின்னப் பங்கைக் குழலின் மேல்பக்கத்து ஓட்டை வழியாகத் திருப்பி விடுகிறார்கள். அது ஒரு பிஸ்டனைத் தட்டுகிறது. பிஸ்டன் போல்ட்டைச் சுமக்கும் பாகத்தைப் பின்னால் தள்ளுகிறது. காலிக் கூடு வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங் மறுபடி முன்னால் தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் போய் உட்காருகிறது. நாம் படிக்கிற ஐ.சி. என்ஜினுக்குத் தம்பி மாதிரி! சிப்பாய் செய்ய வேண்டியது விசையை விட்டு மறுபடி இழுப்பது ஒன்றுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வாயு ரெகுலேட்டர். கரி படிந்தோ மண் சேர்ந்தோ உள்ளே ஓட்டம் மந்தமானால், ஒரு வளையத்தைத் திருகி வாயுவைக் கொஞ்சம் கூட்டிவிடலாம். ராஜஸ்தான் மணலிலும் லடாக் பனியிலும் ஒரே துப்பாக்கி வேலை செய்ய வேண்டும் என்றால் இப்படிப்பட்ட ஏற்பாடு தேவை. நம்பகம் என்பது விளம்பரத்தில் இல்லை, இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான் இருக்கிறது.

இன்னொன்று. விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் மழை மாதிரிக் கொட்டும் ரகம் வேண்டாம், ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு போதும் என்று பிரிட்டன் முடிவு செய்தது. நாமும் அதையே பின்பற்றினோம். 7.62 மில்லிமீட்டர் தோட்டா பலமானது. தொடர்ந்து சுட்டால் குழல் மேலே எகிறும், குறி தப்பும். தோட்டாவும் காசுதானே! ஏழை வீட்டில் எண்ணெயை ஸ்பூனில் ஊற்றுகிற மாதிரி, ஏழை நாடு தோட்டாவை எண்ணித்தான் சுட வேண்டும்.

சரி, வாங்கிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். 1957-58-இல் நம் நாட்டில் கடுமையான அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இரும்பு ஆலை, அணை, உரத் தொழிற்சாலை எல்லாம் டாலரையும் பவுனையும் கேட்டு வரிசையில் நின்றன. பாதுகாப்புக்கு மொத்தமாக ஒதுக்கியது தேசிய வருமானத்தில் சுமார் இரண்டு சதவீதம். முழுத் துப்பாக்கியாக இறக்குமதி செய்யக் கட்டுப்படி ஆகாது. உரிமம் வாங்கி இங்கே செய்யலாம் என்றால், கம்பெனி கேட்ட தொகையும் நிபந்தனைகளும் நமக்கு ஒத்துவரவில்லை. பேச்சு முறிந்தது.

கோர்வை போட்ட துப்பாக்கி

மேனனின் கொள்கை ஒன்றே ஒன்று. ஆயுதத்துக்கு அடுத்தவனை எதிர்பார்க்கிற நாடு முழு சுதந்திரம் அடைந்த நாடு இல்லை. ஆகவே முடிந்ததெல்லாம் நம் தொழிற்சாலையில் செய்ய வேண்டும். 1958-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. பிறந்தது. 1959-இல் சக்திமான் லாரி ஜபல்பூரில் வெளிவந்தது. 1961-இல் பெங்களூரில் செய்த மாருத் ஜெட் விமானம் பறந்தது. அதே 1961-இல்தான் நம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வந்தது. ஆவடியில் அப்ரண்டிஸ் செய்யும் நம் சீனியர் அண்ணன்கள், காலையில் கேட்டுக்குள் நுழையும்போது இந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

ரைபிளும் இதே வழியில் போனது. புனே பக்கத்தில் இருந்த ஆயுத ஆராய்ச்சிப் பிரிவில் பெல்ஜியம், பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்று நாட்டு மாதிரிகளையும் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் அளந்தார்கள். பெல்ஜிய வரைபடம் மெட்ரிக்கில். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வரைபடங்கள் அங்குலத்தில். நம் நாடோ அப்போதுதான் அங்குலத்தை விட்டு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. டிராயிங் ஹாலில் ஒரு ஷீட்டுக்கே நமக்குத் தலை சுற்றுகிறது, அவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அது ஒரு கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம், மூன்று நாடா போட்டு இணைக்கிறோமே, அப்படி. பார்க்கிறவனுக்கு இணைப்பு தெரியக்கூடாது, இழுத்தால் பிரியவும் கூடாது. மூன்று நாட்டு ரைபிளிலிருந்து கோர்த்த இந்தத் துப்பாக்கிக்கு 1ஏ1 என்று பெயர். நம் சிப்பாய் வாயில் அது எஸ்.எல்.ஆர்.

அதன் மரக்கட்டையின் பின்பக்கத் தகடு எதிலிருந்து வந்தது தெரியுமா? பழைய த்ரீ நாட் த்ரீயின் தகடேதான்! எண்ணெய்ப் புட்டியும் குழல் துடைக்கும் கயிறும் வைக்கிற சின்ன மூடியோடு அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்கான அச்சும் கருவியும் இஷாப்பூரில் ஏற்கெனவே இருந்தன. புதுசாகச் செலவு எதற்கு? பாட்டி பட்டில் பேத்திக்குப் பாவாடை தைக்கிற குடும்பப் புத்தி இது. இந்தத் தகடு சமாச்சாரத்தைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

1960 வாக்கில் மாதிரிகள் தயாராகிப் பரிசோதனையும் நடந்தது. பின்னால் பெல்ஜியக் கம்பெனி உரிமைப் பிரச்சினையைக் கிளப்பியது. பேசித் தீர்த்து, அவர்களிடமும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனது.

தேர்வு சரிதான். விலை, நம்பகம், சொந்த உற்பத்தி, மூன்றும் ஒன்றாகக் கூடிய தேர்வு. பிறகு எங்கே தவறு நடந்தது?

1962

மாதிரி ஒன்றைச் செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் செய்வது வேறு. ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ், ஃபோர்ஜிங் டை, நல்ல அலாய் எஃகு, பழகிய தொழிலாளர் - இதெல்லாம் வரிசையாக வர வேண்டும். கோப்பு மேஜைக்கு மேஜை நகர்ந்தது. நிதி இலாகா காசைப் பிடித்தது. மேனனுக்கும் ராணுவத் தளபதிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. 1959-இல் தளபதி திம்மய்யா ராஜினாமாக் கடிதமே கொடுத்து, நேரு சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார். ராணுவத் தொழிற்சாலைகளில் காபி போடும் மெஷின் செய்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் கேலி செய்தன. ஆபத்து பாகிஸ்தான் பக்கமிருந்துதான் என்று மேனன் நம்பினார். சீனாவோடு போர் வராது என்பது அவர் கணக்கு. நேருவின் கணக்கும் அதுதான்.

1962 அக்டோபர் 20. சீனப் படை லடாக்கிலும், இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் நம்கா சூ ஆற்றங்கரையிலும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. பனிமலையில் பருத்திச் சட்டையோடு நின்ற நம் ஆட்கள் கையில் த்ரீ நாட் த்ரீ. எதிரே வந்தவன் கையில் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள். நம் சொந்த எஸ்.எல்.ஆர். இன்னும் தொடர் உற்பத்திக்கே வரவில்லை.

நவம்பர் 18-ஆம் தேதி லடாக்கில் ரெசாங் லா கணவாய். 16,000 அடிக்கும் மேலே. மேஜர் சைத்தான் சிங் தலைமையில் குமாவுன் ரெஜிமெண்டின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர். பெரும்பாலும் அதே பழைய ரைபிள்தான். ஒவ்வொரு குண்டுக்கும் விறைத்த விரலால் போல்ட்டை இழுத்து இழுத்துச் சுட்டார்கள். பின்வாங்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தார்கள். பனி உருகிய பிறகு போய்ப் பார்த்தபோது, பலர் ஆயுதத்தைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள். மேஜருக்கு பரம் வீர் சக்ரா கிடைத்தது, அவர் இறந்த பிறகு.

நியாயமாகப் பேச வேண்டும் நண்பர்களே! துப்பாக்கி ஒன்றால் மட்டும் நாம் தோற்கவில்லை. சாலை இல்லை, கம்பளி உடை இல்லை, உளவுத் தகவல் இல்லை, மேலிடத்தில் திட்டம் இல்லை. அதையெல்லாம் ஒரு மனிதர் தலையில் கட்டுவது சரியில்லை. ஆனாலும் மந்திரி அவர்தான். நாடே கொதித்தது. அக்டோபர் கடைசியில் பாதுகாப்பு இலாகாவை நேரு எடுத்துக்கொண்டு, மேனனிடம் பாதுகாப்பு உற்பத்தியை மட்டும் விட்டார். அதாவது, துப்பாக்கி செய்கிற இலாகா. அதுவும் ஒரு வாரம்தான். நவம்பர் 7-ஆம் தேதி அதையும் விட்டு வெளியேறினார்.

அந்த நாட்களில் நம் காஞ்சிபுரத்திலும் ஒரு பெரிய திருப்பம் நடந்தது. இந்த மண்ணில் பிறந்த அறிஞர் அண்ணா, அந்த வருஷத் தேர்தலில் இதே தொகுதியில் தோற்று, ராஜ்ய சபாவுக்குப் போயிருந்தார். திராவிட நாடு கேட்டவர். சீனப் படையெடுப்பு வந்ததும் நாட்டுப் பாதுகாப்புக்குத் துணை நிற்பதாக அறிவித்தார். 1963-இல் பிரிவினைக் கோரிக்கையே கைவிடப்பட்டது. நாடெங்கும் பெண்கள் நகையைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தார்கள். முன்பு செலாவணி இல்லை, பணம் இல்லை என்று கை விரித்த அதே அரசாங்கம், அடுத்த ஆண்டே பாதுகாப்புச் செலவைப் பெருமளவு உயர்த்தியது. காலத்தில் கொடுக்காத காசை, பிறகு பல மடங்காகக் கொடுத்தோம்.

கடைசிக் காலமும் துப்பாக்கியின் காலமும்

1963-இல் இஷாப்பூரில் எஸ்.எல்.ஆர். உற்பத்தி தொடங்கியது. எல்லாருக்கும் கிடைக்கும் வரை சும்மா இருக்க முடியுமா? பழைய லீ என்ஃபீல்டு வடிவத்தையே எடுத்து, இன்னும் பலமான எஃகில், புதிய 7.62 தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி செய்தார்கள். மேகசின் பன்னிரண்டு தோட்டா. இதற்கு 2ஏ என்று பெயர். போல்ட்டை இழுத்துத்தான் சுட வேண்டும், ஆனால் ரெண்டு ரைபிளுக்கும் ஒரே தோட்டா. சிக்கனத்தில் பிறந்த கெட்டிக்காரத்தனம்! 1966-இல் திருச்சியில் புதிய ராணுவத் தொழிற்சாலை ஏற்பட்டது. எஸ்.எல்.ஆர். அங்கேயும் உற்பத்தியானது, எத்தனையோ தமிழ்நாட்டு டர்னர், ஃபிட்டர் கைகள் அதில் பட்டன.

1971 யுத்தத்தில் வங்கதேசம் பிறந்தபோது நம் காலாட்படையின் முக்கிய ஆயுதம் இந்த எஸ்.எல்.ஆர்.தான். மேனன் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். ஆனால் யாரும் அவருக்கு மாலை போடவில்லை. கட்சியோடு மனக்கசப்பு, 1967-இல் பம்பாயில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1969-இல் வங்காளத்தில் மிதினாப்பூரிலும், 1971-இல் திருவனந்தபுரத்திலும் ஜெயித்தார். 1974 அக்டோபர் 6-ஆம் தேதி டெல்லியில் காலமானார்.

துப்பாக்கி அவரைவிட அதிக நாள் வாழ்ந்தது. 1987-90-இல் இலங்கைக்குப் போன நம் படை இதே நீளத் துப்பாக்கியோடு காட்டுக்குள் நடந்தபோது, எதிரே இருந்தவர்கள் கையில் குட்டையான ஏ.கே.-47 இருந்தது. மறுபடியும் காலம் நம்மை முந்திவிட்டது. 1990-களில் இன்சாஸ் என்ற சொந்த ரைபிள் வந்தது, குறைகளும் கூடவே வந்தன. 2019-இல் அமெரிக்காவிலிருந்து 72,400 ரைபிள்கள் வாங்க ஒப்பந்தம் ஆனது. அதன் தோட்டா அளவு? அதே 7.62க்கு 51! ரஷ்ய ஏ.கே.-203 உத்தரப் பிரதேசத்தில் கோர்வா என்ற ஊரில் செய்யப்படுகிறது. இஷாப்பூர், திருச்சி, ஆவடி எல்லாம் 2021-இல் புதிய அரசுக் கம்பெனிகளின் கீழ் வந்தன. வாங்குவதா, செய்வதா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

நம்ம எஸ்டிமேட்டில் இல்லாத வரி

எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பாடத்தில் நாம் என்ன போடுகிறோம்? மூலப்பொருள், கூலி, மேற்செலவு. கூட்டினால் அடக்க விலை. மேனனின் கணக்கில் இந்த மூன்றும் சரியாகவே இருந்தன. வாங்குவதைவிடச் செய்வது மலிவு. செய்தால் நாளைக்கும் நம்முடையது. அவர் தேர்ந்தெடுத்த துப்பாக்கி நல்ல துப்பாக்கி என்பதை அடுத்த முப்பது வருஷம் நிரூபித்தது. ஆனால் நாலாவதாக ஒரு வரி இருக்கிறது. அது காலம். அந்த வரியை டெல்லியில் யாருமே எழுதவில்லை. ஜீப் விஷயத்தில் சோதிக்காமல் அவசரப்பட்டு இழந்தோம். ரைபிள் விஷயத்தில் எல்லாம் சோதித்து, முடிவும் சரியாக எடுத்து, ஒரு வருஷம் பிந்தி இழந்தோம். முன்னதில் போனது பணம். பின்னதில் பில் போனது ரெசாங் லாவுக்கு.

எனக்குத் தெரிந்த நெசவாளர் பெரியவர் ஒருவர் அடிக்கடி சொல்வது உண்டு, முகூர்த்தம் முடிந்து வருகிற கூறைப்புடவை எவ்வளவு நல்ல பட்டாக இருந்தாலும் அது வெறும் துணிதான் என்று. மேனனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வார்த்தைதான் ஞாபகம் வருகிறது.

அதற்காக அவரைத் தூக்கி எறிந்துவிட முடியுமா? முடியாது. காசில்லாத நாடு நல்ல பொருளைச் சொந்தமாகச் செய்யலாம் என்று நம்பினார். நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு லேத்தும் மில்லிங் மெஷினும் வேலையும் கொடுத்த தொழிற்சாலைகளில் சில அந்த நம்பிக்கையில் எழுந்தவை. நாளைக்கு நம்மில் ஒருவன் ஆவடியிலோ திருச்சியிலோ ஏதோ ஒரு கேஜைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு பாகம் ரிஜெக்ட் ஆகுமா, பாஸ் ஆகுமா என்று அவன் பார்க்க வேண்டும். அதை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். ரெண்டும் தெரிந்தவன்தான் முழு டெக்னீஷியன். அந்தப் பாகத்தை நம்பி எங்கேயோ ஒரு பனிமலையில் ஒருவன் காத்துக்கொண்டிருக்கலாம்.